வாசலில் நின்ற மின்சாரம்

2022 மார்ச் மாதக் கடைசியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. மூலையில் கிடந்த அம்மியும் உரலும் மீண்டும் வேலைக்கு வந்த காலம் அது. மின்வெட்டு அட்டவணையைப் பிள்ளைகளின் நேரசூசி போல் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, எப்போது மாவரைப்பது, எப்போது மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, எப்போது சீருடை அயன் பண்ணுவது என்று கணக்குப் பார்த்தவர்கள் நீங்கள்தான். ஆண்களாகிய நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம்.

அந்த நாட்களில் ஓரிரவு என் உம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெபுலைசர் மெஷினைப் பொருத்தி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கரண்ட் போய்விட்டது. விசிறியால் வீசினோம், முதுகைத் தடவினோம், ஒன்றும் சரிவரவில்லை. ஆட்டோக்காரர்கள் யாரிடமும் பெற்றோல் இல்லை. என் தம்பியிடம் பழைய நிசான் லீஃப் கார் ஒன்று இருந்தது. பெற்றோலே தேவைப்படாத, பற்றரியில் ஓடும் கார். அதில்தான் உம்மாவைத் தூக்கிக் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்குத் தப்பினார்கள்.

விடியப்புறம் வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியபோது, பற்றரியில் இன்னும் அறுபது வீதம் இருப்பதாகக் கண்ணாடித் திரை காட்டியது. வீடு இருட்டாகக் கிடந்தது. "தம்பி, இந்தக் கரண்டில் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுக்க ஏலாதா?" என்று கேட்டேன். "ஏலாது காக்கா, இது கார் ஓடுறதுக்கு மட்டும்தான்" என்றான். நானும் நம்பினேன். அது சரியான பதில் அல்ல என்பதை இரண்டு வருடம் கழித்து, ஜப்பானில் ஒரு வீட்டு வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த வீட்டைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2024 ரமழானில் தராவீஹ் தொழுவிக்க என்னை ஜப்பானுக்கு அழைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு நேரே விமானம். நரிட்டா என்றால் டோக்கியோ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த விமான நிலையம் டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா என்னும் மாகாணத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லாத யச்சிமாத்தா என்ற ஊரில்தான் என்னை அழைத்தவரின் வீடு. பழைய வாகனங்களை ஏலத்தில் வாங்கிக் கப்பலேற்றும் தொழில். அந்தப் பக்கத்தில் நம்மவர்களும் பாகிஸ்தானியரும் ஆப்கானியரும் அதே தொழிலில் இருக்கிறார்கள். வழி நெடுக, வேலியடைத்த வளவுகளுக்குள் வாகனங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம்.

யச்சிமாத்தா என்றால் ஜப்பானியருக்குக் கச்சான் ஞாபகம் வருமாம். நாட்டிலேயே பெயர்பெற்ற கச்சான் அங்கேதான் விளைகிறது. நான் போன மார்ச் மாதத்தில் வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. காற்றடித்தால் அந்தப் புழுதி முழுவதும் வீட்டுக்குள். துணி காயப்போட முடியாது என்று வீட்டுக்காரத் தங்கை குறைப்பட்டுக்கொண்டார். அவர் மத்திய மாகாணத்துப் பிள்ளை, மலைக்குளிரில் வளர்ந்தவர்.

முதல் நாள் தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் ஓர் இரும்புப் பெட்டி சுவரோடு நின்றது. நமது வீட்டுச் சிறிய அலமாரி அளவு இருக்கும். அதிலிருந்து கையளவு தடித்த வயரை இழுத்து வீட்டுக்காரர் தமது லீஃப் காரின் முகப்பில் கொளுவினார். மெல்லிய இரைச்சல் கேட்டது.

"சார்ஜ் போடுறீங்களா?" என்றேன்.

"இல்ல ஹஸரத், கார்ல இருந்து வீட்டுக்கு எடுக்கிறோம். நீங்க ஓதப் போற லைட்டும் இதுலதான் எரியும்" என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

விடயம் மிகவும் எளிது. அவர்களின் கூரையில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. பகலில் கார் வீட்டில் நின்றால் வெயிலின் மின்சாரம் அந்தப் பெட்டி வழியாகக் காருக்குள் போகிறது. இரவில் அதே பெட்டி வழியாக வீட்டுக்குத் திரும்புகிறது. பற்றரியில் இருப்பது நேரோட்டம், வீட்டில் நாம் பாவிப்பது ஆடலோட்டம். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பதுதான் பெட்டியின் வேலை. போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் சேதாரம் உண்டு, அது வெப்பமாகப் போய்விடும். ஒரு காலத்தில் கூரை மின்சாரத்தை மின்கம்பனிக்கு நல்ல விலைக்கு விற்றார்களாம். அந்த ஒப்பந்தக் காலம் பத்து வருடத்தில் முடிந்து, கிடைக்கும் விலை குறைந்தபோது, விற்பதைவிட வைத்துப் பாவிப்பது இலாபம் என்று பலரும் கண்டுகொண்டார்கள். வைப்பதற்குப் பாத்திரம் வேண்டுமே. வாசலில் நிற்கும் கார்தான் பாத்திரம்.

எவ்வளவு கொள்ளும் என்று கேட்பீர்கள். உங்கள் மின்பட்டியலில் அலகு என்று போட்டிருப்பார்களே, அதே அலகில் சொல்கிறேன். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் லீஃப் காரின் பற்றரி 24 அலகு. 2017 இல் வந்த அடுத்த வடிவம் 40 அலகு. மாதம் 90 அலகு பாவிக்கும் நம் வீடு ஒன்றுக்கு நாளைக்கு 3 அலகுதான் செல்கிறது. மிச்சத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்தக் கொளுவிக்கு 'சாதெமோ' என்று பெயர். ஜப்பானிய மொழியில் "தேத்தண்ணி குடிப்போமா?" என்று கேட்பது போன்ற சொல்விளையாட்டு அதற்குள் இருக்கிறது. கார் சார்ஜ் ஆகும் நேரத்துக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கலாம் என்பது கருத்து. மின்சாரம் உள்ளே போகவும் வெளியே வரவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். சகோதரிகளே, என்னைச் சுட்ட விடயம் இதுதான்: என் தம்பியின் காரிலும் அதே துளை இருக்கிறது. 2015 ஆம் ஆண்டளவில் வரி குறைந்திருந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் நம் நாட்டுக்கு வந்த லீஃப் கார்களிலும் அது இருக்கிறது. உம்மாவுக்கு மூச்சு இழுத்த இரவில் மின்சாரம் வாசலில்தான் நின்றது. வெளியே வரப் பெட்டி இருக்கவில்லை.

ஜப்பானியருக்கும் இந்த யோசனை சும்மா வரவில்லை. 2011 மார்ச் 11 இல் வந்த பூகம்பமும் சுனாமியும் அணு உலை விபத்தும் உங்களுக்குத் தெரியும். அந்த வடகிழக்குப் பிரதேசத்தில் பெற்றோல் கிடைக்காமல் திண்டாடியபோது, மின்சாரம் முந்தித் திரும்பிய இடங்களில் பற்றரிக் கார்கள்தான் ஓடித்திரிந்து உதவின. இன்னொரு வினோதமும் உண்டு. ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரத்தின் மீடிறன் 50, மேற்குப் பாதியில் 60. பிள்ளைகளிடம் கேட்டால் மீடிறன் என்னவென்று சொல்வார்கள். ஒரே நாட்டுக்குள் இரண்டு வகை. அதனால் மேற்கில் இருந்த மின்சாரத்தைக் கிழக்குக்கு வேண்டிய அளவு அனுப்ப முடியவில்லை. அடுத்த வருடமே, 2012 இல், லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் பெட்டி விற்பனைக்கு வந்தது. ஒரு சராசரி வீட்டுக்கு இரண்டு நாள் போதும் என்று கம்பனி கணக்குச் சொன்னது. விலை சில இலட்சம் யென். அரசாங்கமும் ஒரு பங்கு உதவியது. இன்றும் அது ஏழை வாங்கும் சாமானல்ல.

இவையெல்லாம் வீட்டுக்காரர் சொன்னவை. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெயிலில் மங்கிய தமிழ் எழுத்து: "பிரிட்ஜ், கிணத்து மோட்டார், ஒஜீசான் மெஷின், ரைஸ் குக்கர் காலைக்கு மட்டும், ஃபேன் ஒண்டு." கீழே கோடு போட்டு, "ஏசி இல்ல, அயன் இல்ல, டீப் ஃபிரீஸர் இல்ல." இது யார் எழுதியது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு குசினிப் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த நாள் நோன்பு துறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தங்கையே கதையைச் சொன்னார்.

2019 செப்ரெம்பர் 9, விடியற்காலை. சிபா மாகாணத்தைப் பெரும் சூறாவளி ஒன்று தாக்கியது. சிபா நகரில் செக்கனுக்கு 57.5 மீற்றர் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவாகியிருக்கிறது. கிமித்சு என்னும் இடத்தில் இரண்டு பெரிய மின்கோபுரங்களே சரிந்தன. மின்கம்பங்கள் முறிந்து, மரங்கள் வயர்களின் மேல் விழுந்து, உச்சத்தில் ஏறத்தாழ 9 இலட்சத்து 30 ஆயிரம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின.

வீட்டுக்காரர் அன்று ஊரில் இல்லை. ஏலத்துக்காக நாகோயா போயிருந்தார். காரை மட்டும் வீட்டில் விட்டுப் போயிருந்தார். தங்கையும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் தனியே.

"ஹஸரத், அண்டைக்கு நான் பயந்த பயம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கூரைத் தகரம் ஒண்டு பறந்து போறத்த கண்ணால கண்டேன். காத்து நிண்ட பிறகு பைப்பத் திறந்தா தண்ணியுமில்ல."

அந்தப் பகுதியில் கிணற்றுத் தண்ணீரை மோட்டாரால் இறைக்கும் வீடுகள் பல. கரண்ட் போனால் தண்ணீரும் போயிற்று. பெட்டியைப் பாவிக்க அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. டோர்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, கணவர் தொலைபேசியில் சொல்லச் சொல்லச் செய்தார். ஊர் மின்சாரம் செத்துப்போன நேரத்தில் பெட்டியும் செத்துத்தான் கிடக்கும். அதை எழுப்புவதற்குக் காருக்குள் சிகரெட் பற்றவைக்கும் துளை இருக்கிறதே, அதிலிருந்து சிறிய வயர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது தெரியாமல் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டாராம். கடைசியில் வீட்டு விளக்கு எரிந்தபோது மூத்த பிள்ளை கைதட்டியதாம்.

மின்கம்பனி சீக்கிரம் வந்துவிடும் என்றது. அதை நம்பி முதல் நாள் அவர் தாராளமாகவே பாவித்தார். புழுக்கமான செப்ரெம்பர் மாதம், பிள்ளைகளுக்காக ஏசியும் போட்டார். இரவு பார்த்தால் பற்றரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மறுநாள் கம்பனி இன்னும் சில நாள் என்றது.

அன்று காலை அடுத்த வீட்டு ஒபாசான் (நம்மூரில் மூத்தம்மா என்போமே, அது) தெருவில் வந்து நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. அவருடைய கணவர், ஒஜீசான், நுரையீரல் நோயாளி. வீட்டில் ஒட்சிசன் கொடுக்கும் மெஷின் கரண்டில் ஓடுவது. அது நின்றதும் மாற்றுச் சிலிண்டரில் வைத்திருக்கிறார்கள். அதுவும் முடியப்போகிறது. புதிய சிலிண்டர் கொண்டுவர வேண்டிய வண்டி, மரம் விழுந்த பாதையால் வரமுடியாமல் எங்கோ நிற்கிறது.

அந்த மெஷினுக்கு நாளைக்கு நாலு அலகு அளவில் செல்லும் என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் கணக்குப் பார்த்துச் சொன்னார். காரில் மீதி இருந்தது இருபத்தைந்துக்குக் கிட்ட. கடைசிக் கொஞ்சத்தைக் கார் ஓடுவதற்கு விட்டுவைக்க வேண்டும். எத்தனை நாளுக்கு இருட்டு என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் டீப் ஃபிரீஸர் நிறைய ஹலால் இறைச்சி. அங்கே அது நினைத்த நேரம் கடையில் வாங்கும் சாமானல்ல. மொத்தமாக எடுத்து மாதக்கணக்கில் வைப்பார்கள். தங்கை என்ன செய்தார் தெரியுமா? ஃபிரீஸரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் நீள வயரைக் கொளுவி, வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். பிறகுதான் தாளை எடுத்து அந்தப் பட்டியலை எழுதி ஒட்டினார், கை தவறித் தானே ஏதும் போட்டுவிடாமல் இருக்க.

"இறைச்சிய என்ன செஞ்சீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன். வாத்தியார் புத்தி, விவரம் முழுவதும் வேண்டும்.

"காஸ் அடுப்பு எரிஞ்சது ஹஸரத். ரெண்டு நாளும் ஆக்கினதுதான். யார்ட்ல வேல செய்யிற நம்மட பொடியன்மாரும் சாப்பிட்டாங்க, அந்தத் தெரு ஜப்பான்காரங்களும் சாப்பிட்டாங்க. உறைப்பக் கொறச்சுப் போட்டேன்."

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நாலாம் நாள் பற்றரி அடிமட்டத்துக்கு வந்தது. அப்போது இதன் இன்னொரு அருமை தெரிந்தது. ஜெனரேற்றர் என்றால் எரிபொருளைத் தேடிப் போக வேண்டும். இது தானே ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வரும். கரண்ட் திரும்பிவிட்ட பக்கத்து நகரமொன்றுக்குக் காரை ஓட்டிப்போய், வரிசையில் காத்திருந்து, விரைவு சார்ஜரில் ஒரு மணித்தியாலத்துக்குள் நிரப்பிக்கொண்டு வந்தார். நம்மூரில் வரட்சிக் காலத்தில் தண்ணீர் பவுசர் வருமே, அதுபோல மின்சாரப் பவுசர். கார் போயிருந்த அந்த மூன்று மணித்தியாலத்துக்கு, அதற்குள் வந்து சேர்ந்திருந்த சிலிண்டரை ஒஜீசானுக்குப் பாவித்தார்கள். ஆறாம் நாள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. மாகாணத்தின் சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு மேலும் வரவில்லை.

ஒஜீசான் இப்போது இல்லை. நான் இருந்த நாட்களில் அந்த ஒபாசான் ஓர் அந்தியில் வறுத்த கச்சான் ஒரு பை கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுக் குனிந்து வணங்கிப் போனார். வருடா வருடம் இப்படித்தானாம்.

இனி, நமது வீட்டுக்கு இது சரிவருமா என்ற கேள்வி. ஆசைப்பட்டு யாரும் ஜப்பானிலிருந்து அந்தப் பெட்டியைக் கப்பலேற்றிவிட வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அந்தப் பெட்டி நம் வீட்டுக்குப் பொருந்தாது. மற்றது, இங்கே ஓடும் பழைய லீஃப் கார்களின் பற்றரி வெப்பத்தில் சோர்ந்துபோனது. அதைக் குளிர்விக்கும் ஏற்பாடு அந்தக் காரில் இல்லை. புதிதில் பன்னிரண்டு கோடு காட்டும் திரையில் ஏழோ எட்டோதான் பலருக்குத் தெரிகிறது. அப்படியிருந்தும் பத்துப் பன்னிரண்டு அலகு அதற்குள் கிடக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கூரையில் சோலார் போட்ட சகோதரிகள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நடுப்பகல் வெயில் கொளுத்தும்போது ஊரில் கரண்ட் போனால் உங்கள் வீட்டிலும் போய்விடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் என்னிடம் சொன்னதுண்டு. அது ஏமாற்றல்ல. நமது வீட்டு மின்சாரம் தெரு வயருக்குள் போனால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மனிதனின் உயிர் போய்விடும். அதற்காகத் தானாக அணையும்படி செய்திருக்கிறார்கள். சிபாவின் பெட்டியும் முதலில் வீட்டைத் தெரு வயரிலிருந்து பிரித்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கும். ஆகவே ஜெனரேற்றரானாலும் காரானாலும், இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சுவர்த் துளைக்குள் மின்சாரம் செலுத்தும் கெட்டிக்காரர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைந்திருக்கும் என்று, கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி இங்கே கேட்டுக்கொண்டார்கள். பகலில் வெயிலை வேண்டாம் என்கிறோம், இரவில் எண்ணெய் எரிக்கிறோம். அந்தச் செய்தியை வாசித்தபோது யச்சிமாத்தா வாசலில் கேட்ட மெல்லிய இரைச்சல்தான் என் காதில் ஒலித்தது.

ஊருக்கு வந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, நன்றாக மின்வேலை தெரிந்த ஒருவரிடம் போனேன். பெரிய பெட்டி இல்லாவிட்டாலும் சின்ன வழி ஒன்று இருப்பதாக அவர் சொன்னார். லீஃப் காரிலும் மற்றக் கார்களைப் போல 12 வோல்ட் சிறிய பற்றரி ஒன்று உண்டு. காரை ஓடத் தயாரான நிலையில் வைத்திருந்தால், பெரிய பற்றரி அந்தச் சிறியதை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதில் 300 வாட் இன்வேர்ட்டர் ஒன்றைப் பொருத்தி, நீள வயரில் ஒரு ஃபேன், இரண்டு மின்குமிழ், தொலைபேசி, நெபுலைசர் மெஷின் இவ்வளவையும் நேரடியாக ஓட்டலாம். பிரிட்ஜைக் கொளுவ வேண்டாம், வீட்டு வயரிங்கோடு சேர்க்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பெற்றோல் காரில் இதைச் செய்தால் புகை வீட்டுக்குள் வந்து ஆளைக் கொல்லும். இதில் புகை இல்லை.

அவ்வளவு சின்னச் சாமான். பள்ளிக்கூடப் பை அளவுகூட இல்லை. 2022 இல் எங்களுக்கு அது தெரிந்திருந்தால் உம்மாவை அந்த இரவில் ஆறு கிலோமீற்றர் குலுக்கிக்கொண்டு போயிருக்க மாட்டோம். உம்மா 2023 இல் வபாத்தாகிவிட்டார்கள். தம்பி இன்வேர்ட்டரை வாங்கி, உம்மா படுத்திருந்த அறை யன்னல் வரை வயர் எட்டுகிறதா என்று அளந்து பார்த்துச் சுருட்டி வைத்திருக்கிறான். நீள வயரின் முனையில் இப்போது எங்கள் மாமியின் நெபுலைசர் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இழுப்புக்காரப் பிள்ளை ஒன்று உண்டு. வேலிக்கு மேலால் போட இன்னும் பத்து மீற்றர் வயர் வேண்டும் என்று மனைவி நேற்றுச் சொன்னார். இன்று அந்திக்கு வாங்கி வர வேண்டும்.